நாய் லைசென்ஸ் கட்டணம்: பணம் எங்கே போகிறது, எப்படிக் கட்டினால் நஷ்டமில்லை

கேள்வி: ஒஹாயோ மாநிலத்தில் கொலம்பஸ் அருகே சில வருடம் இருந்துவிட்டு, ஆகஸ்டில் கலிஃபோர்னியாவுக்கு, சாண்டா கிளாரா கவுன்டிக்கு மாறி வந்தோம். வாடகை வீடு. எங்கள் லாப்ரடார் கலப்பு நாய்க்கு மூன்று வயது, ஆண், கருத்தடை செய்யவில்லை, வசந்தத்தில் செய்யலாம் என்று யோசனை. செப்டம்பரில் இங்குள்ள கிளினிக்கில் ரேபிஸ் ஊசி போட்டோம். அவர்களே ஒரு டேக் கொடுத்தார்கள், பட்டையில் மாட்டிவிட்டோம். இப்போது "உங்கள் நாய்க்கு லைசென்ஸ் இல்லை, தாமதக் கட்டணத்தோடு கட்டவும்" என்று கடிதம் வந்திருக்கிறது. பணம் அனுப்பச் சொல்லும் முகவரி டெக்சஸில் இருக்கிறது! ஒஹாயோவில் மூன்று வருட லைசென்ஸ் வாங்கி இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் பாக்கி இருக்கிறது. அது செல்லாதா? கருத்தடை செய்யாததற்கு இரண்டு மடங்குக்கு மேல் ஏன்? நாங்கள் கட்டும் வரியெல்லாம் போதாதா, இந்தப் பணம் யார் பைக்குப் போகிறது என்று கணவர் கேட்கிறார். நாய் வீட்டுக்குள்ளேயேதான் இருக்கிறது. விட்டுவிடலாமா?

பதில்: விட்டுவிடாதீர்கள். ஆனால் இன்றைக்கே அவசரமாக மூன்று வருடத்துக்கும் கட்டிவிடாதீர்கள். உங்கள் நிலைமையில் எந்த வரிசையில் செய்வது என்பதில்தான் பணம் மிச்சமாகிறது.

முதலில் கடிதம். டெக்சஸ் முகவரியைப் பார்த்து மோசடியோ என்று சந்தேகப்பட்டது நியாயம்தான். ஆனால் கலிஃபோர்னியாவில் பல நகரங்களும் கவுன்டிகளும் (நம் ஊர் மாவட்டம் போன்றவை) லைசென்ஸ் பதிவு, நினைவூட்டல் கடிதம், பண வசூல் ஆகியவற்றைத் தனியார் நிறுவனங்களிடம் ஒப்பந்தத்துக்கு விட்டிருக்கின்றன. அவற்றில் சில வேறு மாநிலங்களிலிருந்து இயங்குகின்றன. உண்மையான கடிதமா என்று பார்க்க எளிய வழி: கடிதத்தில் அச்சிட்ட இணைய முகவரியைத் தொடாமல், உங்கள் நகரத்தின் அதிகாரபூர்வ இணையதளத்துக்கு நேராகப் போய், அங்கே விலங்குப் பிரிவின் (நாய் லைசென்ஸ், நாய்க்கடி, காப்பகம் ஆகியவற்றைப் பார்க்கும் அலுவலகம்) பக்கத்திலிருந்து லைசென்ஸ் இணைப்பைத் திறந்து, கடிதத்திலுள்ள எண்ணை அங்கே இட்டுப் பாருங்கள். உங்கள் நாயின் பெயர் வந்தால் கடிதம் அசல். குறுஞ்செய்தியில் வரும் "உடனே கட்டு" இணைப்புகளை மட்டும் எப்போதும் ஒதுக்கிவிடுங்கள்.

கூடவே, அனுப்பியது கவுன்டியா நகரமா என்றும் பாருங்கள். எல்லோரும் பேச்சுவாக்கில் "கவுன்டி லைசென்ஸ்" என்கிறோம். சாண்டா கிளாரா கவுன்டிக்குள்ளேயே சான் ஹோசே நகரம் தனியாகத் தன் விலங்குப் பிரிவை நடத்துகிறது. சாண்டா கிளாரா நகரமும் கேம்ப்பெல்லும் வேறு ஒரு கூட்டு அமைப்பில் இருக்கின்றன. எந்த நகராட்சி எல்லைக்குள்ளும் வராத பகுதிகளுக்குத்தான் கவுன்டியே நேரடியாகப் பொறுப்பு. அதன் ஷெல்டர், அதாவது விலங்குக் காப்பகம், சான் மார்ட்டினில் இருக்கிறது. தெருவின் இந்தப் பக்கம் ஒரு கட்டணமும் எதிர்ப்பக்கம் வேறு கட்டணமும் இருப்பது சாதாரணம். ஆகவே பக்கத்து நகரத்தில் இருக்கும் நண்பர் "நான் இவ்வளவுதான் கட்டினேன்" என்றால் அதை வைத்து வாதாடப் போகாதீர்கள்.

அவர்களுக்கு உங்கள் நாய் எப்படித் தெரிந்தது? உங்கள் கிளினிக் வழியாகத்தான். ரேபிஸ் ஊசி போட்டால் அந்த விவரத்தை விலங்குப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும் என்று கலிஃபோர்னியாவின் பல கவுன்டிகளிலும் நகரங்களிலும் உள்ளூர்ச் சட்டம் கால்நடை மருத்துவர்களைக் கட்டாயப்படுத்துகிறது. ஊசிப் பட்டியலையும் லைசென்ஸ் பட்டியலையும் கணினி ஒப்பிடுகிறது. லைசென்ஸ் இல்லாத பெயருக்குக் கடிதம் போகிறது. கிளினிக் கொடுத்த டேக் ரேபிஸ் டேக். அதில் ஊசி போட்ட ஆண்டு, டேக்கின் வரிசை எண், கிளினிக்கின் பெயர் அல்லது தொலைபேசி எண் போன்றவைதான் இருக்கும். லைசென்ஸ் டேக் வேறு; அதை நகரமோ கவுன்டியோதான் தரும். பட்டையில் ஏதோ ஒரு உலோகம் தொங்குகிறது, வேலை முடிந்தது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். எங்கள் மேஜைக்கு வரும் புகார்களில் பாதி இந்த இரண்டு டேக்குகளின் குழப்பம்தான்.

ஒஹாயோ லைசென்ஸ் இங்கே செல்லாது. பாக்கி மாதங்களுக்குப் பணம் திரும்பவும் வராது. இரண்டு மாநிலங்களும் நாய் லைசென்ஸை வேறு வேறு நோக்கத்தில் கட்டியெழுப்பியிருக்கின்றன; அதைப் புரிந்துகொண்டால் உங்கள் மற்றக் கேள்விகளுக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

ஒஹாயோவில் மூன்று மாதத்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு நாயையும் கவுன்டி ஆடிட்டரிடம் பதிய வேண்டும். டிசம்பர் 1 முதல் ஜனவரி 31 வரை கெடு. தாண்டினால் ஒரு வருடக் கட்டணத்துக்குச் சமமான தொகை அபராதமாகச் சேரும், அதாவது இரட்டிப்பு. மூன்று வருட லைசென்ஸ் என்பது மூன்று மடங்கு. நாயின் ஆயுளுக்கும் வாங்கினால் பத்து மடங்கு. நீங்கள் கவனித்திருப்பீர்கள், அங்கே ஆடிட்டர் அலுவலகம் ரேபிஸ் சான்றிதழைக் கேட்டிருக்காது. நாய்களுக்கு ரேபிஸ் ஊசியை மாநிலம் முழுவதற்குமாகக் கட்டாயமாக்கும் சட்டம் ஒஹாயோவில் இல்லை. உள்ளூர் சுகாதாரத் துறைகள் தத்தம் விதிகளைப் போட்டுக்கொள்கின்றன. அங்கே லைசென்ஸ் முதன்மையாக ஒரு நிதித் திட்டம். வசூலாகும் பணம் கவுன்டி கருவூலத்தில் "டாக் அண்ட் கென்னல் ஃபண்ட்" என்ற தனி நிதியில் விழுகிறது. நாய் வார்டன் (நாய்ச் சட்டத்தை அமல்படுத்தும் கவுன்டி அதிகாரி) சம்பளம், வண்டி, கூண்டு, தீனி, டேக் அச்சடிக்கும் செலவு எல்லாம் அதிலிருந்துதான். எளிமையாகச் சொன்னால் நாய் வளர்ப்பவர்களின் பணத்தில் பிடிபட்ட நாய்களை வைக்கும் காப்பகம் ஓடுகிறது. நிதி வறண்டால் கவுன்டி கமிஷனர்கள் கட்டணத்தை ஏற்றலாம். பொது நிதியிலிருந்து ஊற்றும் கவுன்டிகளும் உண்டு.

கலிஃபோர்னியாவில் லைசென்ஸ் ரேபிஸ் சட்டத்தின் வால். மாநிலப் பொதுச் சுகாதாரத் துறை 58 கவுன்டிகளையும் ரேபிஸ் பகுதி என்று ஆண்டுதோறும் அறிவிக்கிறது. அப்படி அறிவித்த இடத்தில் நான்கு மாதம் நிறைந்த நாய்க்கு லைசென்ஸ் கட்டாயம். ஊசிச் சான்று இல்லாமல் லைசென்ஸ் கிடையாது. நம் ஊரில் ரேபிஸ் என்றாலே தெருநாய் நினைவுக்கு வரும். இங்கே நாயிலிருந்து நாய்க்குப் பரவும் ரேபிஸ் வகை ஒழிந்துவிட்டதாக 2007-இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவித்தது. ஆனால் கலிஃபோர்னியாவில் வௌவாலிடமும் ஸ்கங்க் என்னும் காட்டு விலங்கிடமும் ரேபிஸ் இன்னும் இருக்கிறது. "வீட்டுக்குள்ளேயேதான் இருக்கிறது" என்ற உங்கள் வாதம் நிற்காமல் போவது இங்கேதான். வௌவால் வீட்டுக்குள் வரும். நாய் அதை வாயில் கவ்விவிட்டால் வௌவாலைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்புவார்கள். முடிவு பாசிட்டிவ் என்றால், ஊசி நடப்பில் இருக்கும் நாய்க்கு உடனே ஒரு பூஸ்டரும் சில வாரக் கண்காணிப்பும் போதும். ஊசிச் சான்று காட்ட முடியாத நாய்க்கு மாதக்கணக்கில் தனிமைப்படுத்தல், அல்லது கருணைக்கொலை. ரத்தத்தில் எதிர்ப்பு அளவு பார்த்த 'டைட்டர்' அறிக்கை இந்த இடத்தில் ஊசிக்கு ஈடாகாது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது.

கிளினிக்கில் ரேபிஸ் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். பில் வேண்டாம், சான்றிதழ். அதில் உரிமையாளர் பெயர், முகவரி, நாயின் இனம், நிறம், வயது, ஊசியின் தயாரிப்பாளர், தொகுதி எண், போட்ட தேதி, காலாவதித் தேதி, மருத்துவர் கையெழுத்து எல்லாம் இருக்கும். பில்லில் "ரேபிஸ், 1" என்று ஒரு வரிதான் இருக்கும். அதைப் பதிவேற்றினால் திரும்பி வரும், அதற்குள் கெடு போய்விடும். சான்றிதழில் யார் பெயர் இருக்கிறதோ அதே பெயரில் லைசென்ஸ் எடுங்கள். சான்றிதழ் கணவர் பெயரிலும் லைசென்ஸ் உங்கள் பெயரிலும் இருந்தால் கணினிக்கு அது இரண்டு நாய். ஒன்றுக்கு லைசென்ஸ் இருக்கும்; இல்லாத "இன்னொரு நாய்க்கு" அடுத்த வருடமும் கடிதம் வரும்.

அடுத்து காலாவதித் தேதியைப் பாருங்கள். குட்டிக்குப் போடும் முதல் ஊசி ஒரு வருடத்துக்குத்தான். அடுத்தடுத்த ஊசிகள் மருந்தைப் பொறுத்து மூன்று வருடம் வரை. உங்கள் நாய்க்கு மூன்று வயது. ஒஹாயோவில் முன்பு ஊசி போட்ட பதிவு இருந்து அதை இங்குள்ள கிளினிக்குக்குக் காட்டியிருந்தால், செப்டம்பர் ஊசி மூன்று வருட ஊசியாக இருக்கக்கூடும். பழைய பதிவைக் காட்டாவிட்டால் இதையே முதல் ஊசியாக எண்ணி ஒரு வருடம் என்று எழுதியிருப்பார்கள். சான்றிதழில் ஒரு வருடம் என்றிருந்தால், ஒஹாயோ கிளினிக்கிலிருந்து பழைய சான்றிதழை மின்னஞ்சலில் வரவழைத்து, திருத்த முடியுமா என்று இங்குள்ள மருத்துவரிடம் கேளுங்கள்.

இந்தத் தேதி ஏன் இவ்வளவு முக்கியம்? ஒரு வயது நிறைந்த நாய்க்கு ஒன்று, இரண்டு, மூன்று வருடம் என்று லைசென்ஸ் காலத்தை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம்; ஆனால் ஊசியின் காலாவதியைத் தாண்டி லைசென்ஸ் ஓடக்கூடாது என்பது மாநிலச் சட்டம். ஊசியில் பதினான்கு மாதம் மிச்சமிருக்கும்போது இரண்டு வருடம் கேட்டால் கிடைக்காது, அல்லது பணம் முழுசாக, காலம் குறைவாக என்று முடியும். ஊசி போட்ட கையோடு லைசென்ஸ் எடுப்பதுதான் லாபம். இரண்டும் ஒரே மாதத்தில் முடிந்து ஒரே மாதத்தில் புதுப்பிக்க வரும்.

இப்போது கருத்தடைக் கணக்கு. செய்த நாயின் கட்டணம் செய்யாத நாயின் கட்டணத்தில் பாதியோ அதற்குக் கீழோதான் இருக்க வேண்டும் என்று கலிஃபோர்னியாச் சட்டமே சொல்கிறது. உங்கள் நகரம் இஷ்டத்துக்குப் போட்ட வித்தியாசம் இல்லை இது. எவ்வளவு அகலமான வித்தியாசம் என்பதை மட்டும் உள்ளூர் தீர்மானிக்கிறது. காரணமும் வெளிப்படை: ஷெல்டரில் வந்து விழும் குட்டிகளின் செலவு அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்ற கணிப்பு. அது உங்கள் வீட்டு நாய்க்குப் பொருந்தாமல் இருக்கலாம். சட்டம் நாய் நாயாகப் பார்க்காது.

ஒரு கணக்குக்கு, செய்யாத நாய்க்கு வருடம் 80 டாலர், செய்த நாய்க்கு 30 என்று வைத்துக்கொள்வோம். "எப்படியும் கட்டத்தானே வேண்டும்" என்று இன்று மூன்று வருடத்துக்குக் கட்டினால் 240. மார்ச்சில் கருத்தடை செய்தாலும் கட்டிய வித்தியாசத்தைப் பெரும்பாலான அலுவலகங்கள் திருப்பித் தருவதில்லை. இன்று ஒரு வருடத்துக்கு மட்டும் 80 கட்டி, அடுத்த புதுப்பித்தலில் சான்றைக் காட்டி இரண்டு வருடத்துக்கு 60 கட்டினால் 140. இன்னும் ஒரு வழி: அறுவைக்கு இப்போதே நாள் வாங்கி, கிளினிக் தரும் உறுதிச் சீட்டை விலங்குப் பிரிவுக்கு அனுப்பி, அதுவரை கெடுவை நீட்டிக்கக் கேட்பது. நீட்டிக்கும் அலுவலகங்கள் உண்டு. மறுத்தால் ஒரு வருடத்துக்குக் கட்டிவிடுங்கள். எப்படியானாலும் மூன்று வருடம் இப்போது வேண்டாம். அறுவைச் செலவு தயக்கம் என்றால் சலுகைக் கூப்பன் இருக்கிறதா என்று அதே அலுவலகத்தில் கேளுங்கள். பல இடங்களில் உண்டு, ஆனால் கேட்பவருக்குத்தான். அறுவை முடிந்ததும் கருத்தடைச் சான்றிதழைத் தனியாக அனுப்புங்கள். ஊசி விவரம் தானாகப் போனதுபோல இது போகும் என்று நம்பாதீர்கள்.

தாமதக் கட்டணத்தைக் குறைக்க வாய்ப்பு உண்டு. ஒஹாயோவில் அபராதம் மாநிலச் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது, அலுவலரிடம் கெஞ்சிப் பயனில்லை. இங்கே அது உள்ளூர் விதி. புதிதாகக் குடிவந்தவருக்கு முப்பது நாள் அவகாசம் என்பது பரவலான ஏற்பாடு. நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள், அதனால் உரிமையாகக் கேட்க முடியாது. ஆனால் வாடகை ஒப்பந்தத்தின் முதல் பக்கம், ஒஹாயோ லைசென்ஸ் ரசீது, செப்டம்பர் ஊசிச் சான்று மூன்றையும் இணைத்து, "வேறு மாநில லைசென்ஸ் நடப்பில் இருந்ததால் தெரியவில்லை, அடிப்படைக் கட்டணத்தை இன்றே கட்டுகிறேன், தாமதத் தொகையைத் தள்ளுபடி செய்ய வேண்டுகிறேன்" என்று நான்கு வரி எழுதினால் முதல் முறை என்பதால் பெரும்பாலும் இரங்குவார்கள். பணம் கட்டுவதற்கு முன் எழுதுங்கள். கட்டிய பிறகு திருப்பி வாங்குவது வேறு துறை, வேறு படிவம்.

குறுக்கு வழி ஒன்று அவ்வப்போது சுற்றுக்கு வரும்: "உணர்வுத் துணை நாய்" என்று இணையத்தில் ஒரு சான்றிதழை வாங்கி, கட்டணத்தைத் தவிர்க்கலாம் என்று. கட்டண விலக்கு தரும் இடங்களில் அது பயிற்சி பெற்ற உதவி நாய்களுக்கு மட்டும். அப்படிப்பட்ட நாய் என்று தெரிந்தே பொய் சொல்வது கலிஃபோர்னியாவில் குற்றம். ஆயிரம் டாலர் வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் விதிக்கலாம். உடல்நிலை காரணமாக ஊசியே போடக் கூடாத நாய்க்குத் தனி விலக்கு உண்டு: ஊசி உயிருக்கு ஆபத்து என்று மருத்துவர் ஆண்டுதோறும் எழுதித் தர வேண்டும். அப்போதும் லைசென்ஸ் உண்டு. கூடவே, வெளியே போனால் ஆறு அடிக்கு மேற்படாத கயிறு, பெரியவர் ஒருவரின் நேரடிப் பிடி என்ற கட்டுப்பாடும் உண்டு. உங்கள் நாய்க்கு இது தேவைப்படாது.

இனி உங்கள் கணவரின் கேள்வி. நல்ல கேள்வி, இதற்கு "விலங்கு நலத்துக்கு" என்று மழுப்புவதைவிடச் சட்டத்தையே காட்டலாம். கலிஃபோர்னியாவின் உணவு, வேளாண்மைச் சட்டத் தொகுப்பில் 30652-ஆம் பிரிவு, லைசென்ஸ் கட்டணமும் அதைச் சார்ந்த அபராதமும் எந்த வரிசையில் செலவாக வேண்டும் என்று சொல்கிறது. முதலில் டேக் வழங்கும் செலவு. இரண்டாவது, நாய்ச் சட்டங்களை அமல்படுத்துவோரின் சம்பளமும் செலவும். மூன்றாவது, நாய்களால் கொல்லப்பட்ட கால்நடைகளுக்கு அவற்றின் உரிமையாளருக்கு நஷ்டஈடு. நான்காவது, காயம்பட்டுத் தவிக்கும் விலங்குகளின் மருத்துவமனை, அவசர சிகிச்சைச் செலவு. மூன்றாவது வரி சிலிக்கான் பள்ளத்தாக்கில் விசித்திரமாக இருக்கும். அமெரிக்காவில் நாய் வரி பல இடங்களில் ஆட்டுக்காரர்களின் குறையிலிருந்து வளர்ந்தது, அந்தத் தழும்பு சட்டத்தில் அப்படியே இருக்கிறது.

ஆகவே உங்கள் பணம் சாலைக்கோ நூலகத்துக்கோ போகாது. வரி என்ற பெயரில் எடுக்கவும் முடியாது: 2010-இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 26-ஆம் முன்மொழிவின்படி, லைசென்ஸ் கொடுத்து மேற்பார்வை செய்ய ஆகும் நியாயமான செலவுக்குள் இருக்கும்வரைதான் அது கட்டணம், தாண்டினால் வரி, வரிக்கு வாக்காளர் சம்மதம் வேண்டும். உண்மையில் யாரும் அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூடப் போவதில்லை. லைசென்ஸ் வசூல், விலங்குப் பிரிவின் செலவில் ஒரு துண்டை மட்டுமே ஈடுகட்டுகிறது. மிச்சம் மூன்று வழியில் வருகிறது: ஒப்பந்த நகரங்கள் (தங்கள் விலங்குப் பணியை வேறு அமைப்பிடம் விட்டிருப்பவை) கொடுக்கும் பணம், ஷெல்டரிலிருந்து நாயை மீட்க உரிமையாளர் கட்டும் மீட்புக் கட்டணமும் தத்துக் கட்டணமும், பிறகு பெரிய துண்டாகப் பொது நிதி. பொது நிதி என்றால் சொத்து வரி, விற்பனை வரி. நாய் இல்லாத உங்கள் அண்டை வீட்டுக்காரரும் அதில் கட்டுகிறார். உங்கள் கணவர் "வரி போதாதா" என்று கேட்கும்போது, அந்த அண்டை வீட்டுக்காரர் "எனக்கு நாயே இல்லையே" என்று கேட்கலாம். ஒஹாயோ அந்தக் கேள்விக்கு நாய்க்காரர்கள் பக்கம் கை காட்டியது. இங்கே எல்லோர் தலையிலும் பகிர்ந்து, நாய்க்காரர் கொஞ்சம் கூடக் கொடுக்கட்டும் என்று வைத்திருக்கிறார்கள். எனக்குக் கேட்டால் இதுதான் நியாயம், ஏனென்றால் விலங்குப் பிரிவின் வேலையில் பெரும்பகுதி லைசென்ஸ் உள்ள நாயைப் பற்றியதே இல்லை.

செலவு எங்கே போகிறது? பெரும்பகுதி சம்பளம். இரவு இரண்டு மணிக்கு நெடுஞ்சாலையில் அடிபட்ட நாய் என்று அழைப்பு வந்தால் போக ஒருவர் பணியில் இருக்க வேண்டும், அழைப்பு வந்தாலும் வராவிட்டாலும். ஒரு சாதாரண நாய்க்கடியை எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனை தகவல் அனுப்பும். அதிகாரி கடிபட்டவரிடம் வாக்குமூலம் வாங்குவார். நாயின் வீட்டுக்குப் போய் ஊசிச் சான்றைப் பார்ப்பார். பத்து நாள் தனிமைப்படுத்தல் உத்தரவு கொடுப்பார். பத்தாவது நாளுக்குப் பின் மறுபடி போய் நாய் உயிரோடு ஆரோக்கியமாக இருப்பதைக் கண்ணால் பார்த்துக் கோப்பை மூடுவார். சான்று கையில் இருந்தால் அந்தப் பத்து நாளை வீட்டிலேயே கழிக்க அனுமதிப்பார்கள், அதற்குச் செலவில்லை. இல்லாவிட்டால் ஷெல்டரில், நாளுக்கு இவ்வளவு என்று உங்கள் கணக்கில். ஒரு கடிக்கு இவ்வளவு என்றால் வருடம் முழுக்க வரும் கடிகள், செத்துக் கிடக்கும் விலங்குகள், கொடுமைப் புகார்கள், ஆபத்தான நாய் விசாரணைகள் எவ்வளவு ஆளை விழுங்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டணத்தை ஏற்றி முழுச் செலவையும் எடுத்துவிடலாமே என்று தோன்றும். ஏற்றினால் கட்டுபவர்கள்தான் குறைவார்கள். இப்போதே ஒழுங்காக ஊசி போட்டு, ஒழுங்காகக் கடிதத்துக்குப் பதில் சொல்பவரிடம்தான் வசூல் ஆகிறது. ஊசியே போடாதவர் கணினிக்கே தெரியாதவர். அதனால் கவுன்டிகளை நடத்தும் மேற்பார்வையாளர் குழுக்கள் கட்டணத்தைத் தொடத் தயங்கும். அபராதமில்லா மாதம் என்று அறிவித்துப் புதியவர்களைச் சேர்க்கப் பார்க்கும்.

உங்கள் ஊர்க் கணக்கை நீங்களே பார்க்கலாம். நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. அதற்கு முந்தைய மாதங்களில் பரிந்துரை பட்ஜெட் இணையத்தில் வெளியாகும். அதில் விலங்குப் பிரிவின் பக்கத்தைத் தேடுங்கள். வருவாய்ப் பகுதியில் "லைசென்ஸ், பெர்மிட்" என்ற வரி உங்கள் பணம். "சேவைக் கட்டணம்" என்பது மீட்பு, தத்து. ஒப்பந்த நகரங்கள் தருவதும் பெரும்பாலும் சேவைக் கட்டணத்திலோ "பிற அரசு அமைப்புகள்" என்ற வரியிலோ இருக்கும். மொத்தச் செலவிலிருந்து மொத்த வருவாயைக் கழித்து அடியில் ஒரு தொகை இருக்கும். கவுன்டி பட்ஜெட்டில் அதற்கு "நெட் கவுன்டி காஸ்ட்" என்று பெயர். பொது நிதியிலிருந்து போவது அதுதான். லைசென்ஸ் வரியை மொத்தச் செலவால் வகுத்தால் கணவருக்குச் சொல்ல ஒரு சதவீதம் கையில் கிடைக்கும். கட்டணம் ஏறும் வருடங்களில் குழுவின் பொதுக் கூட்டத்தில் அது தனிப் பொருளாக வரும். அங்கே போய்ப் பேசலாம், எழுதியும் அனுப்பலாம்.

நாய் தொலைந்துபோனால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒஹாயோவில் பிடிபட்ட நாய்க்கு டேக் இருந்தால், உரிமையாளருக்கு எழுத்தில் தெரிவித்துப் பதினான்கு நாள் வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மூன்றே நாள். டேக்கின் மதிப்பு அங்கே நாள்கணக்கு. கலிஃபோர்னியாவில் 1998-இல் வந்த ஹேடன் சட்டம் காத்திருப்பு நாளைப் பொதுவாக வைத்தது: பிடித்த நாளை விட்டு ஆறு வேலை நாள், வார நாளில் ஒரு நாள் மாலை ஏழு வரையோ வார இறுதியில் ஒரு நாளோ ஷெல்டர் திறந்திருந்தால் நான்கு வேலை நாள். அதில் முதல் மூன்று நாள் உரிமையாளர் மட்டுமே மீட்கலாம். அதன்பின் வேறொருவர் தத்தெடுத்துப் போக முடியும். டேக்கின் மதிப்பு இங்கே ஒரு தொலைபேசி அழைப்பு. அதிகாரி தெருவில் நின்றபடியே எண்ணைப் பார்த்து உங்களைக் கூப்பிட்டால் நாய் ஷெல்டருக்கே போகாது. லைசென்ஸ் உள்ள நாயை முதல் முறை இலவசமாக வீட்டில் கொண்டுவந்து விடும் இடங்களும் பல.

ஷெல்டருக்குப் போய்விட்டால் பில் இப்படி ஏறும்: பிடிப்புக் கட்டணம், நாளுக்கான தங்கல் கட்டணம், லைசென்ஸ் இல்லையென்றால் அதுவும் தாமதமும், மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு) இல்லையென்றால் அதுவும். 2022 முதல் மைக்ரோசிப் இல்லாமல் நாயை ஷெல்டர் வெளியே விடுவதில்லை. கருத்தடை செய்யாத நாய் என்றால் இவற்றுக்கு மேல் மாநிலச் சட்டப்படி தனி அபராதம்: முதல் முறை 35 டாலர், இரண்டாம் முறை 50, மூன்றாம் முறை 100. ஒரு தடவை வேலி தாண்டினால் இரண்டு வருட லைசென்ஸ் பணம் போய்விடும்.

உங்கள் நாய்க்குச் சிப் இருந்தால் அதைப் பதிந்த நிறுவனத்தின் தளத்தில் இன்னும் கொலம்பஸ் முகவரிதான் இருக்கும். லைசென்ஸ் எடுப்பதால் அது தானாக மாறாது. அதே உட்காரலில் அதையும் மாற்றிவிடுங்கள். ஒஹாயோ டேக்கைப் பட்டையிலிருந்து கழற்றிவிடுங்கள். கண்டெடுப்பவர் முதலில் கண்ணில் படும் எண்ணைத்தான் கூப்பிடுவார். ஒஹாயோ ஆடிட்டருக்கும் "மாநிலத்தை விட்டுப் போய்விட்டோம்" என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பிவையுங்கள், இல்லாவிட்டால் மூன்று வருடம் முடியும்போது பழைய வீட்டுக்குப் புதுப்பிப்புக் கடிதம் போகும். இங்கேயும் வீடு மாறினால், முக்கியமாகப் பக்கத்து நகரத்துக்கு மாறினால், உங்கள் லைசென்ஸ் வேறு அமைப்பின் கீழ் போய்விடக்கூடும். சிறு தொகைக்கு மாற்றித் தருகிறார்களா, புதிதாக எடுக்க வேண்டுமா என்று சாவி வாங்கும் வாரமே கேட்டுவிடுங்கள்.